அன்னை கஸ்தூரிபா

காந்தியடிகளின் துணைவியார் கஸ்தூரிபா. அவர் 1869ஆம் ஆண்டு குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். இளமையில் பள்ளி செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பதின்மூன்றாம் வயதில் திருமணம் நடந்தது. எழுதப் படிக்க அதன் பின்னரே கற்றார்.

1897ஆம் ஆண்டு கணவருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கரையிறங்கினார். கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைப்பதற்காகக் கடல் கடந்து சென்ற தமிழர் பலர் அந்நாட்டில் வாழ்ந்தனர்.

1913ஆம் ஆண்டு அங்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வெளியானது. கிறித்தவ முறைப்படி நடவாத, அரசிடம் பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லா என்றது அத்தீர்ப்பு. இதனால் இந்தியப் பெண்கள் பலர் மனைவி என்னும் உரிமையை இழந்தனர். அவர்தம் பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குறியாயிற்று.

இதனை எதிர்க்குமாறு காந்தியடிகள் பெண்களை அழைத்தார். ஆனால் தம் மனைவியை அழைக்கவில்லை. கணவரின் சொல்லுக்காக அன்றி, அவர் தாமாகவே முன்வர வேண்டும் என்று எண்ணினார். இதனை அறிந்த கஸ்தூரிபா, சிறை செல்லத் தமக்கு என்ன குறை என்று வினவினார். அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து கைதானார். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். விடுதலையானபோது எலும்பும் தோலுமாய் மெலிந்திருந்தார்.

அதே போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை என்னும் தமிழ்ச் சிறுமியும் சிறை சென்றார். அங்குக் கண்ட காய்ச்சலால், விடுதலையான பின்னர், 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்தார். அவருக்கு வயது பதினாறு. அவ்வாண்டிலேயே இந்தியரின் திருமணங்களை ஏற்கும் சட்டம் பிறந்தது.

தாயகம் திரும்பிய கஸ்தூரிபா, 1917இல் பீகாரின் சம்பாரண் பகுதியில் சிற்றூர்ப் பெண்களுக்குத் தூய்மையின் இன்றியமையாமையை எடுத்துரைத்தார். 1942 ஆகஸ்டு 9 அன்று காந்தியடிகள் கைதானார். அன்று மாலை பம்பாய்ப் பொதுக்கூட்டத்தில் அவருக்குப் பதிலாகத் தாமே பேசப் புறப்பட்டபோது கஸ்தூரிபாவும் கைது செய்யப்பட்டார். புனேயில் ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, 1944 பிப்ரவரி 22 அன்று, கணவரின் மடியில் உயிர் துறந்தார். வள்ளியம்மை மறைந்து சரியாக முப்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் ஏழை எளியோர்க்குப் பணியாற்றும் கஸ்தூரிபா மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சொற்பொருள்
துணைவியார் – மனைவி
கடுங்காவல் – கடும் உழைப்புடன் கூடிய சிறைத்தண்டனை
இன்றியமையாமை – மிகத் தேவையாக இருத்தல்

வினாக்கள்
1. 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்தியப் பெண்களை எவ்வாறு பாதித்தது?
2. காந்தியடிகள் கஸ்தூரிபாவைப் போராட்டத்திற்கு அழைக்காதது ஏன்?
3. கஸ்தூரிபாவின் துணிவைக் காட்டும் இரு நிகழ்ச்சிகளை எழுதுக.