சர்வர், ஒரு கொக்குப் படம்!



இன்று உங்களை ஒரு சின்ன அலுவலகத்துக்குள் அழைத்துப் போகிறேன். உங்களைப் போன்றவர்களுக்காகப் பத்திரிகை தயாராகும் இடம் அது. மொத்தமே மூன்று மேசை, மூன்று கணினி. முதல் மேசையில் ஓவியர் அக்கா. அவர் படம் வரைவது மேக் கணினியில். இரண்டாவது மேசையில், பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பும் அண்ணன். அவரிடம் இருப்பது விண்டோஸ். மூன்றாவது மேசை என்னுடையது. நான் கதை எழுதுவது லினக்ஸில்.

முன்பெல்லாம் அக்கா படம் வரைந்து முடித்ததும் பென் டிரைவில் போட்டு எங்கள் இருவருக்கும் கொடுப்பார். ஒருநாள் ஒரு கொக்கு வரைந்தார். மறுநாள் அதன் அலகில் ஒரு மீனையும் சேர்த்து வரைந்தார். அண்ணனிடம் இருந்ததோ பழைய படம்! கதையில் "கொக்கு மீனைக் கவ்வியது" என்று இருக்க, வெறும் அலகோடு நிற்கும் கொக்குதான் அச்சுக்குப் போய்விட்டது.

அன்றுதான் முடிவு செய்தோம்: ஆளுக்கொரு பிரதி வேண்டாம், எல்லாருக்கும் ஒரே அலமாரி போதும். இப்போது அறை மூலையில் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கணினி இருக்கிறது. எங்கள் கோப்புகள் எல்லாம் அதற்குள்தான். அதன் பெயர் ஃபைல் சர்வர்.

சமையலறைக்குள் போகாதீர்கள்!

சர்வர் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? ஹோட்டலில் இட்லி கொண்டு வருபவர்தானே? இவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

கணினியின் எல்லா வேலைகளையும் நிர்வகிக்கும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இயங்குதளங்கள். கோப்புகளைச் சேமிக்கும் தட்டில் (டிஸ்க்) அவற்றை அடுக்கி வைக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்று எழுதிய தட்டை இன்னொன்றிடம் அப்படியே கொடுத்தால், பல நேரம் அதற்குப் படிக்கவே தெரியாது.

அப்படியானால் ஒரே அலமாரியை மூன்றும் எப்படிப் பயன்படுத்துகின்றன? ஹோட்டலை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது கேஸ் அடுப்பா, விறகு அடுப்பா என்று நமக்குத் தெரிய வேண்டுமா? "ரெண்டு இட்லி, ஒரு வடை" என்று சொன்னால் போதும். ஃபைல் சர்வரும் தன் தட்டை யாரிடமும் கொடுப்பதில்லை. "கொக்குப் படம் வேண்டும்" என்று கேட்டால், தானே எடுத்து வந்து தருகிறது. உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்பது அதன் கவலை.

ஆனால் ஒன்று முக்கியம். கேட்பவருக்கும் கொண்டு வருபவருக்கும் ஒரே மொழி தெரிந்திருக்க வேண்டும்!

கம்பிக்குள் ஓர் உரையாடல்

அந்த மொழியின் பெயர் எஸ்எம்பி. சர்வர் மெசேஜ் பிளாக் என்பதன் சுருக்கம். 1983-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது.

நாம் பேசும் தமிழில் மதுரை வழக்கு, நெல்லை வழக்கு, கோவை வழக்கு என்று இருக்கிறதல்லவா? இந்த மொழியிலும் பல வழக்குகள் உண்டு. அவற்றை எண்களால் குறிக்கிறார்கள். அக்காவின் கணினி கொக்குப் படத்தைக் கேட்கும்போது நடக்கும் உரையாடலைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

"வணக்கம். எனக்கு 2.1, 3.0, 3.1.1 ஆகிய வழக்குகள் தெரியும்."

"நல்லது, 3.1.1-லேயே பேசுவோம். நீங்கள் யார்?"

"ஓவியர். இதோ என் அடையாளம்."

"சரி, உள்ளே வரலாம். எந்த அலமாரி?"

"படங்கள்."

"திறந்தாயிற்று. எந்தக் கோப்பு?"

"கொக்கு. நான் திருத்தப் போகிறேன். முடிக்கும் வரை வேறு யாரும் அதில் எழுத வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்."

கடைசி இரண்டு வரிகளைக் கவனித்தீர்களா? அதற்குப் பெயர் பூட்டு. ஒரே படத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால், ஒருவர் வரைந்ததை மற்றவர் அழித்துவிடலாம். அதனால்தான் இந்த ஏற்பாடு. இவ்வளவு பேச்சும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்! சாதாரணமாக ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஓர் அஞ்சல் முத்திரையும் இருக்கும்: 254 என்ற எண், அடுத்து எஸ், எம், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். மிகப் பழைய வழக்கு என்றால் அந்த எண் 255.

கவனித்தே கற்றவர்

எங்கள் மூலைப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். விண்டோஸ் உலகத்தின் மொழியை லினக்ஸுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1991-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரம். அங்குள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய கணினியில் டாஸ் என்ற பழைய இயங்குதளம். கோப்புகளோ, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் கணினியில். அவருக்குத் தேவைப்பட்ட ஒரு மென்பொருள், குறிப்பிட்ட ஒரு வகை சர்வரோடு மட்டும்தான் பேசும்; யூனிக்ஸோடு பேசாது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கம்பி வழியாகப் போகும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் ஒரு நிரலை எழுதினார். இந்தப் பக்கம் என்ன கேட்டது, அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று கவனித்தார். பிறகு, அதே பதில்களைச் சொல்ல யூனிக்ஸ் கணினியைப் பழக்கினார். தான் பேசுவது யூனிக்ஸிடம் என்று டாஸ் கணினிக்குத் தெரியவே இல்லை. தனக்குப் பழக்கமான சர்வர் என்றே நினைத்துக்கொண்டது!

இந்த முறையைப் பின்னாளில் அவர் ஓர் அழகான உவமையால் விளக்கினார். பிரெஞ்சு மொழி கற்க வேண்டும். புத்தகமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. என்ன செய்யலாம்? பிரான்ஸுக்குப் போய் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்துகொள்ளலாம். வாடிக்கையாளர் என்ன சொல்கிறார், சர்வர் என்ன கொண்டு வருகிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், ரொட்டிக்கு என்ன சொல், காபிக்கு என்ன சொல் என்று மெல்ல மெல்லப் புரிந்துவிடும்.

யூனிக்ஸைப் பதில் சொல்ல வைத்த நிரலை 1992 ஜனவரியில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். முதலில் வைத்த பெயரை வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயர் காரணமாக மாற்ற வேண்டி வந்தது. கணினியில் இருந்த சொற்பட்டியலில் எஸ், எம், பி என்ற எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். கிடைத்தவற்றுள் ஒன்று, பிரேசில் நாட்டு நடனமான சாம்பா. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பல நாட்டு நிரலாளர்கள் அதில் கைகோத்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு, 2007 டிசம்பரில், மொழியின் விவரங்களை சாம்பா குழுவுக்குத் தர மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. கட்டணம் 10,000 யூரோ. 16 ஆண்டுகள் கவனித்தே கற்றவர்கள் கைக்கு மெனு அட்டை அப்போதுதான் வந்தது!

தனக்கென்று வேறு மொழி வைத்திருந்த ஆப்பிளும் 2013 முதல் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பியையே முதன்மையாக்கிக்கொண்டது. இப்போது மூன்று மேசைக்கும் ஒரே மொழி.

பெயர் வைப்பதில் கவனம்!

மொழி ஒன்றானாலும் பழக்கங்கள் மாறவில்லை. "கொக்கு எங்கே?" என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தேன். லினக்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. விண்டோஸோ, பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்கிறது. அது ஏற்காத குறிகள் மொத்தம் 9. ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் இன்னொரு வேறுபாடு: பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் விண்டோஸுக்கு ஒரே பெயர்தான், லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

நம் தமிழிலும் ஒரு புதிர் இருக்கிறது. கணினி ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். 'க'வின் எண் 2965. 'கொ' எழுத ஒற்றைக் கொம்பும் காலும் வேண்டுமல்லவா? அந்த இரண்டையும் சேர்த்து 3018 என்று ஒரே எண்ணாக எழுதலாம். கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று பிரித்தும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய அடுக்கு முறை, பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே 'கொக்கு'. லினக்ஸோ எண்களைப் பார்த்து, "இவை வேறு வேறு" என்று சொல்லிவிடும். ஒரே பெயரில் இரண்டு கொக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்!

அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கோப்பின் பெயர் சின்னதாக, குறிகள் இல்லாமல், எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பாதுகாப்புக்காக, மொழியின் முதல் வழக்கான எஸ்எம்பி 1-ஐயும் அடைத்துவிட்டோம். விண்டோஸில் அந்த வழக்கில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீய நிரல் உலகெங்கும் பரவியது. வாரம் ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் வேறொரு தட்டில் நகலெடுத்துப் பூட்டியும் வைக்கிறோம். ஒரே அலமாரி என்றால், அது கெட்டுப்போனால் எல்லாமே போய்விடுமே!

செய்து பாருங்கள்

மூன்று பேர் சேருங்கள். பென்சில், ரப்பர், ஸ்கேல், பேனா, நோட்டு ஆகிய ஐந்துக்கும் இரண்டு பேர் மட்டும் ரகசியமாகப் புதுச் சொற்களை உருவாக்கிக்கொள்ளுங்கள். "ஒன்று", "இரண்டு", "இல்லை" என்பவற்றுக்கும்கூட! ஒருவர் வாடிக்கையாளர்; அந்த மொழியில் கேட்க வேண்டும். மற்றவர் சர்வர், எடுத்துத் தர வேண்டும். மூன்றாமவர் எதுவும் பேசாமல் நோட்டில் குறிக்க வேண்டும். சர்வர் வெறுங்கையோடு நிற்கும்போது என்ன சொல்கிறார் என்பதையும் விடாமல் குறியுங்கள். 'இல்லை' என்ற சொல் அங்கேதான் கிடைக்கும்.

டிரிட்ஜெல் கவனித்தது தன் வேலைக்குத் தேவையான கணினிகளின் பேச்சை. அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்பது தவறு. அதனால் மூன்று பேரும் ஒப்புக்கொண்ட பிறகே ஆடுங்கள்.

போதும் என்று தோன்றியதும் மூன்றாமவர் எழுந்து, அந்தப் புது மொழியில் ஒரு பென்சில் கேட்கட்டும். கையில் ரப்பர் வந்தால் நோட்டை மறுபடி பாருங்கள். பென்சிலே வந்தால், அதைக் கொண்டு ஒரு கொக்கு வரையுங்கள். அலகில் மீனை மறந்துவிடாதீர்கள்!