டிங்க் எதிர் துருக்கி வழக்கு

டிங்க் எதிர் துருக்கி என்பது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2010 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பளித்த வழக்காகும். துருக்கியில் வாழும் ஆர்மீனியச் சிறுபான்மையினரின் உரிமைகளுக்காக எழுதிவந்த இதழாசிரியர் ஹிராண்ட் டிங்க் 2007இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிருக்கு ஆபத்து இருப்பதை அறிந்தும் அரசு அவரைக் காக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. சிறுபான்மையினர் உரிமைக்காகக் குரல் கொடுப்பவரைப் பாதுகாப்பது அரசின் கடமை என்பதை விளக்க இவ்வழக்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

1923ஆம் ஆண்டின் லொசான் உடன்படிக்கை, துருக்கியிலுள்ள முசுலிம் அல்லாத சிறுபான்மையினருக்குச் சமயம், மொழி, கல்வி ஆகியவற்றில் உரிமைகளை உறுதிசெய்தது. தம் செலவில் பள்ளிகளையும் அறநிலையங்களையும் நடத்திக்கொள்ளும் உரிமையும் அவற்றுள் அடங்கும். எனினும் 1970களில் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளின் விளைவாக, 1936க்குப் பிறகு சிறுபான்மை அறநிலையங்கள் பெற்ற சொத்துகள் பல பறிபோயின.

ஹிராண்ட் டிங்க் 1954 செப்டம்பர் 15 அன்று மலாத்தியாவில் பிறந்தார். இசுதான்புல் நகரின் ஆர்மீனிய ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தார். அவ்வில்லத்துப் பிள்ளைகளே உழைத்துக் கட்டிய தூசுலா சிறுவர் முகாமைப் பின்னாளில் அவரும் அவருடைய மனைவி இராக்கேலும் நடத்தினர். 1980களில் அந்த முகாமும் மேற்கூறிய முறையில் பறிக்கப்பட்டது.

ஆகோஸ் இதழ்

1996 ஏப்ரலில் டிங்க் தம் நண்பர்களுடன் சேர்ந்து ஆகோஸ் என்னும் வார இதழைத் தொடங்கினார். ஆகோஸ் என்றால் உழுசால் என்று பொருள். துருக்கிய மொழியிலும் ஆர்மீனிய மொழியிலும் வழங்கும் சொல் இது. இதழும் இரு மொழிகளிலும் வெளிவந்தது. தாய்மொழி படிக்கத் தெரியாத ஆர்மீனியர்களையும், ஆர்மீனியரைப் பற்றி அறியாத துருக்கியர்களையும் ஒருசேர எட்டுவது அதன் நோக்கம். 1915இல் ஆர்மீனியருக்கு நேர்ந்ததைப் பற்றி இரு மக்களும் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று டிங்க் வலியுறுத்தினார்.

தண்டனையும் கொலையும்

ஆர்மீனியர் அடையாளம் குறித்து 2003, 2004ஆம் ஆண்டுகளில் அவர் ஒரு தொடர் எழுதினார். அதிலிருந்து ஒரு வாக்கியம் தனியே பிரித்தெடுக்கப்பட்டு, துருக்கியத் தன்மையை இழிவுபடுத்தியதாக அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர்கள் அதில் இழிவுபடுத்தல் இல்லை என்றே அறிக்கை தந்தனர். ஆயினும் 2005 அக்டோபரில் அவருக்கு 6 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்டது.

இத்தீர்ப்பு அவரைத் துருக்கியரின் பகைவராக ஊரறியக் காட்டிவிட்டது. மிரட்டல்கள் பெருகின. தாம் ஒரு புறாவைப் போல ஓயாமல் அக்கம்பக்கம் பார்த்து நடமாடுவதாகத் தம் கடைசிக் கட்டுரைகளுள் ஒன்றில் எழுதினார். தண்டனையை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்த சில நாட்களில், 2007 சனவரி 19 அன்று, ஆகோஸ் அலுவலக வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார். சுட்டவனுக்கு அப்போது வயது 17. இறுதி ஊர்வலத்தில் திரண்ட பெருங்கூட்டத்தில் துருக்கியர் பலர், "நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்" என்ற பதாகைகளை ஏந்திச் சென்றனர்.

தீர்ப்பு

டிங்க்கின் விண்ணப்பத்துடன் குடும்பத்தினரின் விண்ணப்பங்களும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. நீதிமன்றத்தின் முக்கிய முடிவுகள்:

1. கொலைத் திட்டம் பற்றியும் தூண்டியவர்கள் எனக் கருதப்பட்டோர் பற்றியும் திராப்சோன், இசுதான்புல் பாதுகாப்புத் துறையினருக்கு முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தது. அவர்கள் நடவடிக்கை எடுக்காததால் வாழ்வுரிமை மீறப்பட்டது.

2. கடமை தவறிய அலுவலர்கள் மீது முறையான விசாரணை நடைபெறவில்லை. இதுவும் வாழ்வுரிமை மீறலே.

3. டிங்க்கைத் தண்டித்ததும், பின்னர் அவரைக் காக்காமல் விட்டதும் கருத்துரிமையை மீறின.

மூன்றாவது முடிவு தனிக் கவனத்துக்குரியது. ஒருவரைப் பேசவிடாமல் தடுக்காதிருந்தால் மட்டும் அரசின் கடமை முடிந்துவிடாது. பெரும்பான்மையினர் விரும்பாத கருத்தையும் ஒருவர் அச்சமின்றிச் சொல்லத்தக்க சூழலை அரசு உருவாக்க வேண்டும் என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. 1998இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் காவலர் பிரகடனத்தின் 12ஆம் பிரிவும் இதையே கூறுகிறது: உரிமைக்காகப் பாடுபடுவோரை வன்முறை, மிரட்டல், பழிவாங்கல் ஆகியவற்றிலிருந்து அரசு காக்க வேண்டும். ஆனால் பிரகடனத்துக்குச் சட்டத்தைப் போன்ற கட்டாயம் இல்லை. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்போ உறுப்பு நாட்டைக் கட்டுப்படுத்தும்.

பின்விளைவுகள்

துருக்கி இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. எனினும் அலுவலர்கள் மீதான வழக்கு நீண்டது. 2021 மார்ச்சில்தான் காவல்துறையின் முன்னாள் உளவு அதிகாரிகள் இருவருக்குக் கடும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சுட்டவன் 2023 நவம்பரில் விடுதலையானான்.

2015இல் தூசுலா முகாமை இடிக்கும் பணி தொடங்கியபோது ஆர்மீனியரும் துருக்கியரும் அங்கேயே தங்கிப் போராடினர். ஏறக்குறைய 6 மாதங்களுக்குப் பின் அதன் உரிமைப் பத்திரம் ஆர்மீனிய அறநிலையத்துக்கே திரும்பியது. ஆகோஸ் இன்றும் வெளிவருகிறது. டிங்க் பெயரிலான அறக்கட்டளை அவரது பிறந்தநாளில் ஆண்டுதோறும் உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கு விருது வழங்கிவருகிறது.