காட்டுப் பாதை டிரெய்லரும் அதன் மறுவிற்பனையும்

மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் தரகரின் துண்டுக்கடியில் விரலை நீட்டுவார். அமெரிக்காவில் பழைய முகாம் டிரெய்லர் வாங்கப் போகிறவருக்கும் இத்தனை நிதானம் வேண்டியிருக்கிறது.

முகாம் டிரெய்லர் என்பது மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வண்டி. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் அடக்கம். கல்லும் சேறும் நிறைந்த பாதைக்கு ஏற்றவாறு பலர் அதைத் தம் கையாலேயே மாற்றியமைப்பதுண்டு. இதற்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப் டிரெய்லர். ஜீப்பின் முதல் மாதிரியை 1940 செப்டம்பரில் செய்து கொடுத்தது பென்சில்வேனியா மாநிலத்துப் பான்டம் கம்பெனி. பெரிய ஆர்டர்களோ வில்லிஸுக்கும் போர்டுக்கும் போய்ச் சேர்ந்தன! பான்டமுக்குக் கிடைத்த ஆறுதல், ஜீப்பின் பின்னே செல்லும் கால் டன் டிரெய்லர். அந்தச் சிறு வண்டியில் நல்ல யோசனை இருந்தது. ஜீப்புக்கும் அதற்கும் ஒரே அளவுச் சக்கரம். ஆகவே ஒரு மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். ஜீப் பதித்த தடத்திலேயே அதுவும் உருளும். தண்ணீரில் இறக்கினால் மிதக்கும். போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்ட இவற்றைப் பொதுமக்கள் வாங்கி, மேலே கூடாரம் கட்டிக்கொண்டனர்.

கால் டன் என்றால் 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ. 75 லிட்டர் தண்ணீரை ஏற்றினால் 75 கிலோ. மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போயிற்று. மிச்சத்தில்தான் கூடாரம், பாட்டரி, அடுப்பு, பெட்டி எல்லாம். கனமான வில்பட்டையைப் பொருத்திவிட்டால் எவ்வளவும் ஏற்றலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். வில்பட்டை தாங்கினாலும் அச்சும் சக்கரமும் தாங்க வேண்டாமா? அடிப்பாகம் கல்லில் இடிக்காமலிருக்க வண்டியை உயர்த்துவது இன்னொரு மாற்றம். இது பயனுள்ளதே, ஆனால் பாரத்தின் மையமும் உடன் உயர்வதால், சாய்வான பாதையில் கவிழும் அபாயம் கூடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாரத்தைப் பங்கிடும் முறை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்னேர்க்கால் வழியாக இழுக்கும் வண்டியின்மேல் இறங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பின்புறம் பாரம் மிகுந்து இந்த அளவு குறைந்தால், வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் முன்வண்டியையும் புரட்டிவிடும். பின்பக்கத்தில் ஆசையாக ஒரு சமையல் பெட்டியைக் கட்டியவர் இதை நினைத்திருப்பாரா?

ஆகவே விற்பவர் முதலில் செய்ய வேண்டியது, வர்ணம் பூசுவதன்று. வண்டியை எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குவது. எதை வெட்டினார், எங்கே பற்றவைத்தார், எந்த அச்சை மாற்றினார் என்பதைப் படங்களோடு வாங்குபவரிடம் ஒப்படைப்பது அடுத்தது. புது வர்ணத்துக்கடியில் பற்றவைப்பின் விரிசல் மறைந்திருக்கலாம். விவரமறிந்தவர் பளபளப்பைக் கண்டாலே சந்தேகப்படுவார். மாற்றத்துக்குச் செலவழித்த தொகை முழுவதும் விலையாகத் திரும்பும் என்று எதிர்பார்ப்பதும் வீண். ஒருவருடைய வண்டிக்கும் தேவைக்கும் பொருந்தியது மற்றொருவருக்குச் சுமையாகலாம்.

நம் நாட்டில் இத்தகைய வண்டிகள் அரிது. எனினும் நண்பர்கள் சேர்ந்து எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் விற்றாலும் சட்டம் ஒன்றுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை அதன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விற்றவர், அதே மாநிலத்துக்குள்ளென்றால், 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தை நண்பன் பார்த்துக்கொள்வான் என்று சும்மா இருந்துவிட்டால், பின்னர் அவ்வண்டி விபத்தில் சிக்கும்போது நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவரையே சேரும். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இவ்வாறே தீர்ப்பளித்துள்ளது.