எதிரியையும் வளர்க்கணும்!

"பூ மாதிரி அழகா இருக்கே, ஏன் மாமா சுரண்டுறீங்க?" என்று நான் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கு ஆரம்பம்.

என் மாமா வண்ண மீன் கடையில் வேலை செய்கிறார். அங்கே கடல்நீர்த் தொட்டி ஒன்று. அதில் உள்ள கல்லில் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள். பூ இல்லையாம், ஐப்டேசியா என்ற கடற்சாமந்தி. ஹைட்ரா படித்தோமே, அதுக்குச் சொந்தக்கார விலங்கு. பக்கத்தில் இருக்கிற பவளத்தைக் கொட்டி இடத்தைப் பிடிக்கும். மாமா பிளேடால் சுரண்டினார். மூணு வாரத்தில் ஒன்று இருந்த இடத்தில் ஏழு! பாதத்தின் சின்னத் துண்டு கல்லில் ஒட்டியிருந்தாலே போதும், புதுசா வளர்ந்துவிடும்.

இதைத் தின்னவே ஒரு ஓடில்லாத கடல் நத்தை இருக்கிறது. பெயர் பெர்கியா. (நம்ம கடல் அட்டை வேற, குழப்பிக்காதீங்க.) அமெரிக்காவின் புளோரிடா பக்கத்துக் கடலில் வாழ்வது. ஐரோப்பிய நத்தை ஒன்றுதான் இது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2005-ல்தான் தனி இனமென்று பெயர் வைத்தார்கள். இரண்டு மூணு செ.மீ. நீளம்தான். பகலில் ஒளிந்துகொண்டு ராத்திரியில் மேயும். சாமந்தியின் கொட்டும் செல்களைச் செரிக்காமல், தன் முதுகில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். திருடின ஆயுதம்!

அங்கே சிலர் இதை வீட்டிலேயே வளர்க்கிறார்கள். மண்புழு மாதிரி ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான், அதனால் எந்த இரண்டைச் சேர்த்தாலும் முட்டை வரும். வெள்ளை நூலைச் சுருட்டின மாதிரி, பார்த்தால் இடியாப்பம்! அதை எடுத்துத் தனி ஜாடியில் கடல்நீரில் போட்டு, குழாய் வழியாக மெதுவாகக் காற்று விடுவார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரத்தில் பொரிக்கும். தொட்டியில் விடும்போது மோட்டார் வாயில் ஸ்பாஞ்சு கட்டணும், இல்லாட்டி உறிஞ்சிடும். சில மீன்களும் தின்னுடும்.

கஷ்டம் இனிமேல்தான். பெர்கியா ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் சாப்பிடாது. தொட்டியைச் சுத்தமாக்கி முடித்தால் பட்டினியில் செத்துப்போகும். அதனால் வளர்ப்பவர்கள் இன்னொரு டப்பாவில் ஐப்டேசியாவுக்கு ஆர்ட்டீமியா கொடுத்து வளர்க்கிறார்கள். வேலை முடிந்த நத்தையை அடுத்த வீட்டுத் தொட்டிக்குக் கொடுப்பார்களாம். "பைத்தியமா அவங்க?" என்று என் தோழி சிரித்தாள். எனக்கு நத்தையை நினைச்சா பாவமா இருக்கு.

மாமாவிடம் பெர்கியா இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் வைக்கிறார். அதிகமாகப் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு. நாலு செத்துப்போச்சு. கல் இடுக்கில் இருக்கிற மூணும் சிரிஞ்சு கிட்டே போனதுமே சுருங்கி உள்ளே போய்விடுகிறது.