கண் மங்கினால் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?



நமது கண் பிரிவுக்கு வருகிற தாய்மார்களில் சிலர், எழுத்துப் பலகைக்கு முன் உட்காருவதற்கு முன்பாகவே ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறார்கள்: "தைராய்டு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து கண் மங்கிப்போச்சு ஐயா. அதனால் நானே நிறுத்திவிட்டேன்." உங்கள் சபைகளிலும் பெண்கள் ஐக்கிய சங்கங்களிலும் இந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளும் சகோதரிகள் பலர் இருப்பார்கள். ஆகையால் இந்த இதழில் இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள சிறிய சுரப்பி. அது சுரக்கும் தைராக்ஸின்தான் இருதயம், குடல், தோல், மூளை ஆகிய எல்லாவற்றின் வேகத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. அது குறைந்தால் உடம்பு முழுவதும் மந்தமாகிறது. களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், அதிக மாதவிடாய், கரகரத்த குரல், ஊதிய முகம் என்று ஒவ்வொன்றாக, பல வருடங்களில் மெதுவாக வருவதால் யாரும் கவனிப்பதில்லை. "வயசாகிவிட்டது" என்பார்கள், மாமியார் வீட்டில் "சோம்பேறி" என்பார்கள். சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் 100 பேரில் ஏறக்குறைய 11 பேருக்கு இந்தக் குறைவு காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம்.

இந்தக் குறைவு கண்ணை எப்படித் தொடுகிறது? பெரும்பாலும் நாங்கள் காண்பது கண் வறட்சிதான். கண்ணீர்ப் படலம் சரியாக இல்லாததால் கண் உறுத்தும், மணல் விழுந்ததுபோல் இருக்கும், பார்வை மங்கும். மாலையில் வேதம் வாசிக்கும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து, இரண்டு முறை கண்ணைச் சிமிட்டியதும் தெளிந்துவிட்டால், அது அநேகமாக வறட்சியால் வரும் மங்கல். சிலருக்கு இமைகள் வீங்கி, காலையில் கண் திறக்கவே பாரமாக இருக்கும். புருவத்தின் வெளி ஓரத்து முடி உதிர்ந்து போவதும் உண்டு. எங்கள் செவிலியர்கள் புருவத்தைப் பார்த்தே சந்தேகப்படக் கற்றிருக்கிறார்கள்.

விழி பிதுங்குவதும், ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதும் பெரும்பாலும் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு வருகிற நோய். ஆனாலும் குறைவாகச் சுரப்பவர்களிலும் சிலருக்கு வரக்கூடும். மிக அரிதாக இன்னொன்றும் உண்டு. பல வருடங்கள் சிகிச்சையே இல்லாமல் விட்டால், தைராய்டை வேலை வாங்கும் பிட்யூட்டரி சுரப்பி ஓய்வில்லாமல் உழைத்துப் பெரிதாகிறது. கண் நரம்புகள் ஒன்றையொன்று கடந்து செல்லும் இடம் அதற்கு நேர் மேலேதான் இருக்கிறது. அங்கே அழுத்தம் ஏற்பட்டால் பக்கவாட்டுப் பார்வை குறையும். நடக்கும்போது நிலைக்கதவில் தோள் இடிக்கும். இந்த வீக்கத்தைச் சுருங்கச் செய்யும் மருந்தும் அதே தைராய்டு மாத்திரைதான்! அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் மாத்திரைமேல் குற்றமே இல்லையா? நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்த மாத்திரை வெளியிலிருந்து வரும் அந்நியமான பொருள் அல்ல. சுரப்பி கொடுக்கத் தவறியதையே நாம் கொடுக்கிறோம். அளவு சரியாக இருந்தால் அது கண்ணைக் கெடுப்பதில்லை. அளவு மிஞ்சினால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை வரும். சிறு பிள்ளைகளில் மிகச் சிலருக்கு, மருந்து தொடங்கிய ஆரம்ப நாட்களில் மூளையைச் சுற்றிய நீரின் அழுத்தம் கூடி, தலைவலியும் வாந்தியும் பார்வை மங்கலும் வந்ததாகப் பதிவுகள் உண்டு. பிள்ளைக்கு அப்படி நேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும்.

ஆனால் பெரியவர்களிடத்தில் நாங்கள் அடிக்கடி காண்பது வேறு. நாற்பது வயதை ஒட்டி ஒரு சகோதரிக்குத் தைராய்டு குறைவு கண்டுபிடிக்கப்படுகிறது. அதே வயதில்தான் எல்லாருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போகும்போது, புதிதாக வந்த மாத்திரைமேல் பழி விழுகிறது. சிலருக்குச் சர்க்கரை வியாதியோ கண்புரையோ மறைந்திருக்கும். மாத்திரையைக் குற்றவாளியாக்கிவிட்டால் இவற்றை யாரும் தேடுவதில்லை.

இது நம் கிராமத்து மக்களின் அறியாமை என்று யாரும் எண்ணவேண்டாம். 2007-ல் நியூசிலாந்து நாட்டில் இதே மாத்திரையின் தோற்றமும், அதில் சேர்க்கும் துணைப் பொருட்களும் மாற்றப்பட்டன; மருந்துச் சரக்கு பழையதே. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் வந்த புகார்கள் 14 மட்டுமே. அதற்குப் பின் 18 மாதங்களில் 1,400-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. கண் எரிச்சலும் பார்வை மங்கலும் அவற்றுள் அடங்கும். பிறகு ஆராய்ந்தவர்கள், தொலைக்காட்சிச் செய்திகள் அதிகம் பரவிய பகுதிகளிலிருந்து புகார்களும் அதிகம் வந்ததைக் கண்டார்கள். அந்த மக்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. மருந்து மாறும்போது சிலருக்கு அளவைத் திருத்த வேண்டியிருக்கும். பயமும் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் ஏற்ற வழி இரத்தப் பரிசோதனையே.

செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு சகோதரி கண்ணாடி கேட்டு வந்தார்கள். முகம் ஊதி, பேச்சு இழுத்து, நாடி மந்தமாக இருந்தது. கண் மங்கியதால் எட்டு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். "நிறுத்தின பிறகு ஒன்றும் ஆகவில்லையே" என்றார்கள். அங்கேதான் ஆபத்து. தைராக்ஸின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே நிறுத்தியவருக்கு முதல் சில நாட்கள் நன்றாகவே இருக்கும். சரிவு பின்னால், சத்தமில்லாமல் வரும். மிகவும் முற்றிய நிலையில் ஒரு குளிரோ காய்ச்சலோ கூட நினைவிழப்பில் கொண்டுபோய்விட முடியும். அந்தச் சகோதரிக்கு மாத்திரையை மீண்டும் தொடங்கி, கண் வறட்சிக்குச் சொட்டு மருந்தும், படிக்க ஒரு கண்ணாடியும் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து வந்தபோது அவர்கள் குரலை எங்கள் வரவேற்பு ஊழியரால் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

இந்தச் சிகிச்சை எவ்வளவு பெரிய ஈவு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மையார் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. பிறகு அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அந்த நாள் 1914 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். இன்று ஒரு சிறு மாத்திரை அந்த வேலையைச் செய்கிறது.

அதை எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காப்பிக்கும் பலகாரத்துக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடவேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளியே சாப்பிடவேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை வாங்கிச் செல்லும் தாய்மார் இதை அறியாமல் இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ளுகிறார்கள். கர்ப்பிணிகள் ஒருபோதும் நிறுத்தக்கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சி அதைச் சார்ந்திருக்கிறது, அளவைக் கூட்டவும் வேண்டியிருக்கும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பரிசோதனை செய்யவேண்டும்.

திடீர் பார்வை இழப்பு, இரண்டாகத் தெரிதல், விழி பிதுங்குதல், கண் வலியோடு சிவப்பு, பக்கப் பார்வை குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அடுத்த முகாம்வரை காத்திருக்கவேண்டாம், உடனே அனுப்பிவையுங்கள்.

பேருந்துக் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் சேர்ந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது என்பதால் நிறுத்துகிறவர்களும் உண்டு. நீங்கள் ஏழை நோயாளிகள் நிதிக்கு அனுப்பும் காணிக்கையிலிருந்து, கட்ட இயலாதவர்களின் டி.எஸ்.எச். பரிசோதனைக்கும் கண் சொட்டு மருந்துக்கும் கொடுத்து வருகிறோம். சேகரங்களிலிருந்து கண் முகாமுக்கு ஆட்களை அழைத்துவரும் அன்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று: ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். நிறுத்திவிட்ட மாத்திரையானாலும் அந்த அட்டையும் எங்களுக்கு வேண்டும்.