வெரிபீயின் பழைய வயல்வெளிப் படங்கள்

இன்று வீடுகள் நிறைந்து காணப்படும் வெரிபீ, முன்னர் புல்வெளியும் பண்ணை நிலமுமாக விளங்கியது. சேர்ன்சைட் குடும்பத்தினர் 1870களில் கட்டிய வெரிபீ பார்க் மாளிகையும் வெரிபீ தெற்கின் காய்கறித் தோட்டங்களும் அந்த வரலாற்றை இன்றும் நினைவூட்டுகின்றன. 1912இல் இங்கு அரசின் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையும் தொடங்கப்பட்டது.

இத்தகைய கிராமிய வாழ்வின் சான்றுகள் பல, சாதாரண வீட்டு ஆல்பங்களிலேயே இருந்தன. மெல்பேர்னிலுள்ள மாநில அருங்காட்சியகம், 1985 முதல் 1991 வரை விக்டோரியாவின் கிராமப்புறக் குடும்பங்களிடமிருந்த பழைய படங்களைப் பிரதியெடுத்துத் திரட்டியது. அவற்றையும் மாநில நூலகத்தின் படங்களையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்வையிடலாம். 1955ஆம் ஆண்டுக்கு முன்னர் ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை முடிவடைந்துவிட்டது.

பெயரும் இடமும் குறிக்கப்படாத படம், அதிலுள்ளோரை அறிந்தவர் மறைந்ததும் தன் பொருளை இழந்துவிடுகிறது. தாயகத்து வயல், தோட்டம், கோயில் திருவிழா ஆகியவற்றைக் காட்டும் உங்கள் குடும்பப் படங்களுக்கும் இது பொருந்தும். வீட்டிலுள்ள மூத்தோரிடம் இப்போதே விவரங்களைக் கேட்டு, பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள்.