மார்கழி பனி.. பெட்டிக்குள்ள பாம்பு! சூடு குறைஞ்சா இரை செரிக்காது

புதுச்சேரி:

மார்கழி பிறந்துட்டா கடற்கரை சாலையில் காலை வாக்கிங் போறவங்க காதில் மப்ளர் ஏறிடும். டீக்கடை பாய்லர் பக்கத்தில் நிற்கத்தான் எல்லாருக்கும் ஆசை. மனுசனுக்கு சரி.. கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பாம்புக்கு?

'பாம்புக்கு என்னய்யா குளிர்?' என்று சிரிக்க வேண்டாம். நாய், லவ் பேர்ட்ஸ், கலர் மீன் என்று இருந்த வீடுகளில் இப்போ 'பால் பைத்தான்', 'கார்ன் ஸ்நேக்' என்று வெளிநாட்டுப் பாம்பு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பல ஆயிரம் கொடுத்து வாங்கியது, பனிக்காலத்தில் திடீரென இரை எடுக்காமல் படுத்துவிட்டால் பலருக்கும் காரணமே புரிவதில்லை. முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான்.. சூடு பத்தவில்லை.

முதல்ல சட்டம்!

நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி.. இந்த மாதிரி நம்ம நாட்டுப் பாம்பை பிடிக்கவோ, வீட்டில் வைக்கவோ, விற்கவோ கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண மீறலுக்கே 3 வருசம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், இல்லாட்டி ரெண்டும் சேர்த்து. மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கு. அதில் சிக்கினால் குறைந்தது 3 வருசம், 7 வருசம் வரை போகலாம். 'குட்டியா இருந்துச்சு, பாவம்னு எடுத்து வச்சேன்' என்ற கதை எல்லாம் எடுபடாது.

வெளிநாட்டுப் பாம்பு கதை வேற. பால் பைத்தான் மாதிரி சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் உயிரினங்களை வைத்திருப்பவர்கள், மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யணும். 2024 பிப்ரவரியில் வந்த விதி இது. குட்டி போட்டாலும், செத்தாலும், இன்னொருத்தருக்கு கைமாற்றினாலும் தகவல் தரணும். பாங்காக் விமானத்தில் வந்தவர்களின் பெட்டிக்குள் பால் பைத்தான் நெளிந்து, சென்னை ஏர்போர்ட்டில் பிடிபட்ட செய்தியை பலமுறை படிச்சிருப்பீங்க. அந்த வகைச் சரக்குக்கு கடைக்காரர் காகிதம் தர மாட்டார். காகிதம் இல்லாத பாம்பு பக்கமே போகாதீங்க.

வெயில்தான் எஞ்சின்

நம்ம உடம்பு சாப்பிட்ட சோற்றை எரித்து சூட்டை உண்டாக்குது. பாம்புக்கு அந்த வசதி கிடையாது. சுற்றி இருக்கும் சூடுதான் அதன் உடம்புச் சூடு. காலையில் வரப்பில், கருங்கல் மேல் பாம்பு காய்வது சோம்பேறித்தனம் இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணுது, அவ்வளவுதான். சூடு ஏறினால்தான் தசை ஓடும், இரை செரிக்கும், நோயை எதிர்க்கும் சக்தி வேலை செய்யும்.

(இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. நம்ம ஊர் மலைப்பாம்பில் தாய்ப்பாம்பு முட்டையைச் சுற்றிப் படுத்து, உடம்பைத் துடிக்க வைத்து சூடு உண்டாக்கும். அடை காக்கும் கோழி தோற்றுடும்!)

பால் பைத்தான் பிறந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகள். இதில் டோகோவும் பெனினும் நம்ம புதுச்சேரி மாதிரியே பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த மண். பிரெஞ்சில் இந்தப் பாம்புக்குப் பெயர் 'ராஜ மலைப்பாம்பு' என்று அர்த்தம் வரும். பெனினில் உய்டா என்ற ஊரில் இதுக்குக் கோவிலே இருக்கு. நாம் புற்றுக்கு மஞ்சள், குங்குமம் வைக்கிற மாதிரி அங்கேயும் பக்தி. இது குடியிருப்பதும் கரையான் புற்றிலும் எலி வளையிலும்தான். வெளியே வெயில் அடித்தாலும் பனி விழுந்தாலும் புற்றுக்குள் சூடும் ஈரமும் பெரிசா மாறாது. ஆக, பாம்புப் பெட்டி செய்வது என்றால் வீட்டுக்குள்ள ஒரு புற்று கட்டுவது என்று நினைச்சுக்கோங்க.

எவ்வளவு சூடு?

பால் பைத்தான் பெட்டியில் ஒரு ஓரம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், எதிர் ஓரம் 25 முதல் 27 டிகிரி. ரெண்டு ஓரமும் வேணும். சூடு வேண்டும்போது இங்கே, போதும் என்றால் அங்கே என்று பாம்பே நகர்ந்துக்கும். பெட்டி முழுக்க ஒரே சூடாக வைத்தால் தப்பிக்க வழியில்லாமல் வெந்துவிடும்.

நம்ம ஊரில் ஜனவரி ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கும். ஊட்டிக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் பாம்புக்கு 24-க்கு கீழே நாள்கணக்கில் போனாலே சிக்கல்தான். கல்தரை வீட்டில் பெட்டியைத் தரையில் வைத்திருந்தால் இன்னும் ஜில். முதல் வேலையாக பெட்டியைத் தூக்கி மேஜை மேல் வையுங்க. ஜன்னல் ஓரம், ஏ.சி. எதிர், வாசக்கால் பக்கம் வேண்டாம்.

சூட்டுக்கு 'ஹீட் மேட்' என்ற தட்டையான பாய் மாதிரி சாதனம் கிடைக்கிறது. பெட்டிக்கு உள்ளே இல்லை, வெளியே அடிப்பக்கம், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும். இதோடு தெர்மோஸ்டாட் கட்டாயம். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சூடு ஏறினால் தானாக ஆஃப் ஆகும் இல்லையா, அதே வேலைதான். அந்த தெர்மோஸ்டாட்டின் வயர் நுனி, மேட் இருக்கும் இடத்தில் நகராமல் ஒட்டியிருக்கணும். பாம்பு அதை இழுத்து தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டால், 'இன்னும் சூடு பத்தல' என்று மெஷின் எரிந்துகொண்டே இருக்கும். தீ விபத்துகூட வரலாம். ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். கையை வைத்துப் பார்த்து 'சூடாத்தான் இருக்கு' என்று சொல்வது கணக்கில் சேராது.

சூடான ஓரத்தில் ஒன்று, குளிர்ந்த ஓரத்தில் ஒன்று என ரெண்டு மறைவிடம் வையுங்க. பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாலே போதும். மண்ணுக்கு சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடும் குணம் உண்டு. ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டி வடநெம்மேலியில், 1978-ல் ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தில் இன்றும் பாம்புகள் மண்பானையில்தான். வாயில் துணி கட்டி வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, சில வாரத்தில் திரும்பக் காட்டில் விட்டுடறாங்க. அந்த இருளர் அறிவைத் தேடி வெளிநாட்டுக்காரனே வந்தான். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற ரெண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

குண்டு பல்பு வேண்டாம்!

கோழிக்குஞ்சுக்குப் போடுற மாதிரி குண்டு பல்பைப் பெட்டிக்குள் தொங்க விடுவது பெரிய தப்பு. குஞ்சு சுட்டால் ஓடிடும். பாம்பு பல்பைச் சுற்றிக்கொண்டு அப்படியே கிடக்கும். தோல் வெந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கரண்டில் சூடாகும் 'ஹீட் ராக்' கல்லும் அதே ஆபத்து. ராத்திரி முழுக்க வெளிச்சம் என்றால் பகல் எது, ராத்திரி எது என்று அதுக்குக் குழப்பம் வேற.

புயலில் கரண்ட் போனால்?

நம்ம ஊர்க்காரனுக்கு இதுதான் நிஜமான கேள்வி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, பல இடங்களில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் கரை ஏறியபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெண்டுமே குளிர் தொடங்கும் நேரம்.

பதற வேண்டாம். ரெண்டு நாள் 22 டிகிரியில் இருந்தால் ஆரோக்கியமான பாம்பு செத்துடாது. ஆனால் அந்த நேரம் இரை போடவே கூடாது. வயிற்றில் இருக்கும் எலி செரிக்காமல் அழுகி, பாம்பு வாந்தி எடுக்கும். அதில் இருந்து தேற வாரக்கணக்கில் ஆகும். நல்லா வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். நாம்தான் தாங்க மாட்டோம்!

கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய துண்டில் சுத்தி பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்க. ஆறினதும் மாத்துங்க. காற்றுத் துளையை விட்டுட்டு மத்த பக்கத்தை கம்பளி, தெர்மாகோலால் மூடலாம். மூடின ரூமில் கரி அடுப்பு மட்டும் மூட்டிடாதீங்க. அந்தப் புகையில் பாம்புக்கு முன்னாடி மனுசன் போயிடுவான்.

கரண்ட் வந்து, சூடு சரியாகி ரெண்டு மூணு நாள் கழித்து இரை கொடுக்கலாம். வாயைத் திறந்தபடி மூச்சு விடுது, மூக்கில் நுரை வருது, 'கிர்' என்று சத்தம் கேட்குது என்றால் சளி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். மஞ்சள், விக்ஸ் வைத்தியம் பண்ணாமல் கால்நடை டாக்டரிடம் கொண்டு போங்க. குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

அழைக்காத விருந்தாளி

பாம்பு வளர்க்காத வீட்டிலும் இந்த சீசனில் கவனம் வேணும். பள்ளத்தில் மழைத்தண்ணி நின்றால் வளையை விட்டு வெளியே வரும் பாம்பு மேட்டையும் காய்ந்த இடத்தையும்தான் தேடும். விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, பிரிட்ஜ் பின்பக்கம் கதகதப்பாக இருக்கும் மூலை எல்லாம் அதுக்கு வசதி. பாகூர் பக்கம் அறுவடை நேரத்தில் எலியும், எலி பின்னாடி பாம்பும் வரும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கணும்.

பார்த்தால் அடிக்காதீங்க, பிடிக்கவும் போகாதீங்க. கண்ணை அதன் மேல் வைத்துக்கொண்டு வனத்துறைக்கு போன் பண்ணுங்க. கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், நேராக ஜிப்மர் அல்லது பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்க. கட்டுவிரியன் கடிச்ச இடத்தில் வலியும் வீக்கமும் இல்லாமல் போகலாம். எறும்பு கடிச்சிருக்கும் என்று திரும்பப் படுத்துத் தூங்கிடாதீங்க.